வாதம் வந்த கை வீட்டில் என்ன செய்கிறது? மணிக்கட்டு சென்சார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் பக்கம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். கொஞ்ச காலமாகச் சிலருடைய இரண்டு மணிக்கட்டிலும் சென்சார் பட்டை கட்டி, கை எந்த அளவுக்குத் தேறுகிறது என்று பார்த்து வருகிறோம். பட்டையை வெளியே எடுத்ததுமே கேள்விகள் ஆரம்பித்துவிடும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கொடுக்கிற தாள்களை வீட்டுப் பெரியவர்கள் பலரால் படிக்க முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே தமிழில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடுகளில் "வராத கை" என்பார்கள். நோயாளியின் காதுபட நான் அப்படிச் சொல்வதில்லை. இங்கேயும் அதைத் தேறும் கை என்றே எழுதுகிறேன்.

கை தேறுகிறதா என்று தெரபிஸ்ட் பார்த்தாலே தெரியாதா? இதற்கு ஒரு கருவி எதற்கு?

பார்த்தால் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நான் உங்கள் வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நோயாளியின் கவனம் முழுக்கக் கையில்தான் இருக்கும். நான் கிளம்பியபின் மிச்சமுள்ள 23 மணி நேரம் அந்தக் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் சரியாகத் தெரியாது என்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

மர்பி டவுனில் பூக்கட்டி விற்ற ஒரு அம்மாவுக்கு வலது பக்கம் வாதம். நான்கு மாதப் பயிற்சியில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்து வாய் வரைக்கும் கொண்டுபோகிற அளவுக்கு வந்துவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் மூன்று நாள் சென்சார் கட்டிப் பார்த்தோம். பயிற்சி நேரம் போக மற்ற நேரமெல்லாம் வலது கை ஏறக்குறைய அசையவே இல்லை. மருமகள் காபியை இடது கைப் பக்கம் வைத்துப் பழகியிருந்தார், தலை வாரிவிட்டார், சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார். எல்லாமே பிரியத்தால் செய்தது. அந்த அம்மாவைக் கேட்டேன். "கை வருதும்மா, ஆனா நான் எடுக்கறதில்ல" என்றார். டம்ளரைத் தூக்க முடிகிற கை ஏன் தூக்குவதில்லை என்று யோசிக்க வைத்தது அந்தப் பட்டைதான். கையால் என்ன முடியும் என்பது ஒன்று, கை அன்றாடம் என்ன செய்கிறது என்பது வேறொன்று. சென்சார் காட்டுவது இரண்டாவதை.

அந்தப் பட்டைக்குள் என்ன இருக்கிறது?

ஆக்சிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு. செல்போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறது அல்லவா, அதற்குக் காரணமும் இதே வகைச் சில்லுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு எடை அதற்குள் வில்லில் மாட்டியதுபோல நிற்கிறது. கை வேகம் எடுத்தாலோ நின்றாலோ அந்த எடை துளி நகரும். அந்த நகர்வை மூன்று திசைகளிலும், விநாடிக்கு 30 முதல் 100 தடவை வரை, பட்டை எழுதி வைத்துக்கொள்ளும். கை சும்மா கிடந்தால்கூடப் பூமியின் ஈர்ப்பு அதில் பதிவாகும். அதை வைத்து முன்கை தொங்குகிறதா, மடியில் கிடையாக இருக்கிறதா என்றும் கணக்கிடலாம்.

சில பட்டைகளில் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் திசையறியும் காந்தச் சென்சாரும் சேர்ந்திருக்கும். எடை பெரிதாக இருக்காது. ஆராய்ச்சிகளில் அதிகம் பயன்படும் ஆக்சிவிட்டி ஏஎக்ஸ்3 என்ற சென்சார் 11 கிராம்தான். நாங்கள் கட்டும் பட்டையில் கேமரா கிடையாது, மைக்கும் கிடையாது. இதைப் பெண்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

வாதம் வந்தது ஒரு கையில். இரண்டு கையிலும் ஏன் கட்ட வேண்டும்?

ஒரு கையில் மட்டும் கட்டினால் அந்த நாளைத்தான் அளப்போம், கையை அளக்க மாட்டோம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நாள் முழுக்கப் படுத்திருந்தால் எண் இறங்கும். மறுநாள் பேத்தி பிறந்தநாள், வீடு நிறைய ஆட்கள், எண் ஏறும். இதில் கை தேறியது எங்கே தெரியப்போகிறது? இரண்டு கையிலும் கட்டி, தேறும் கை அசைந்த நேரத்தை நல்ல கை அசைந்த நேரத்தால் வகுத்தால், சுறுசுறுப்பான நாளா சோம்பலான நாளா என்கிற வித்தியாசம் பெரும்பாலும் கழிந்துபோகும்.

இந்தக் கணக்குக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் லாங் குழுவினர் நிறைய உழைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரோக் வராத 74 பேருக்குக் கட்டிப் பார்த்து அவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமான கை ஒரு நாளில் சராசரியாக 9.1 மணி நேரமும் மற்ற கை 8.6 மணி நேரமும் அசைந்தன. விகிதம் 0.95. அதாவது இரண்டு கையும் ஏறக்குறையச் சமமாகவே உழைக்கின்றன. நாமெல்லாம் வலது கையால்தான் எல்லாம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாத்திரத்தைப் பிடிப்பது, கதவைத் தாங்குவது, துணியை இழுத்துப் பிடிப்பது என்று மற்ற கையும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதே குழுவினர் 2007-ல், ஸ்ட்ரோக் வந்து மருத்துவமனையில் இருந்தவர்களை அளந்தபோது, பாதித்த கை 3.3 மணி நேரம், நல்ல கை 6 மணி நேரம் என்று வந்தது. பாதித்த கை மட்டுமல்ல, நல்ல கையின் நேரமும் குறைந்திருப்பதைக் கவனியுங்கள்.

இந்த வகுத்தலில் ஒரு பள்ளம் இருக்கிறது. நல்ல கையும் சோர்ந்துபோய் வேலையைக் குறைத்துவிட்டால் விகிதம் தானாக ஏறும். பார்க்கிறவர்களுக்குக் கை தேறிவிட்டதுபோலத் தோன்றும். அதனால் விகிதத்தை மட்டும் யாராவது சொன்னால், "ரெண்டு கைக்கும் தனித்தனியா எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள்.

அந்த வெளிநாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்துமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டவர் ஸ்ரீராம்புரத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். "நாங்க சாப்பிடறது, பூசை பண்றது, காசு குடுக்கறது எல்லாம் வலது கையிலதானே, அவங்க முள்ளும் கத்தியுமா ரெண்டு கையிலயும் சாப்பிடறாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். சோறு பிசைவது, இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொடுவது, திருநீறு பூசுவது எல்லாம் நமக்கு வலது கை வேலை. கழுவுவது இடது கை வேலை. வலது கையில் வாதம் வந்தவருக்கு இடது கையால் சாப்பிடுவது என்பது வெறும் கை மாற்றமல்ல, பந்தியில் உட்காரவே கூச்சம். சிலர் அதற்காகவே கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், நம் வீட்டு வேலைகளில் இரண்டு கையும் சேர்ந்தே ஆக வேண்டியவை ஏராளம். சப்பாத்தி தேய்ப்பது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது, வேட்டி கட்டுவது, கொசுவம் மடிப்பது, பூக்கட்டுவது. ஆகவே 0.95 என்பதை உங்கள் அப்பா தொட்டாக வேண்டிய பாஸ் மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போன மாத அப்பாவோடு இந்த மாத அப்பாவை ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவது இன்னும் மோசம், அது எதற்கும் உதவாது.

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே மார்க் போடுகிறார்களே?

போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். ஸ்வீடனில் ஃபூகல்-மேயரும் கூட இருந்தவர்களும் 1975-ல் உருவாக்கிய சோதனை இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. கைக்கு மட்டும் 33 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 66. பொருட்களைப் பிடித்துத் தூக்கி வைக்கச் சொல்லும் ஆராட் என்ற சோதனைக்கு மொத்தம் 57 மார்க். இவை கையின் திறனைச் சொல்கின்றன. சென்சார் அந்தத் திறன் வீட்டில் செலவாகிறதா என்று சொல்கிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

மார்க் ஏறியிருக்கிறது, சென்சாரில் ஒன்றும் ஏறவில்லை. எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 78 பேருக்கு எட்டு வாரம் தீவிரமாகக் கைப்பயிற்சி கொடுத்தார்கள். ஆராட் மார்க் ஏறியது. மணிக்கட்டு சென்சார் காட்டிய அன்றாட உபயோகம் ஏறவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. பயிற்சி கொடுத்துத் திறனை வளர்த்துவிட்டால் உபயோகம் தானாக வந்துவிடும் என்று நம்பித்தானே நாங்கள் வீடு வீடாகப் போகிறோம்? தானாக வராது, அதைத் தனியாகக் கவனித்துக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

ஏன் வருவதில்லை? எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். வாதம் வந்த முதல் வாரங்களில் கையைத் தூக்கிப் பார்த்தால் வராது. டம்ளர் கீழே விழும், குழம்பு சட்டையில் கொட்டும். ஒவ்வொரு முறையும் தோல்வி. நல்ல கையால் எடுத்தால் சட்டென்று முடிகிறது. பத்து நாளில் மூளை கற்றுக்கொண்டுவிடும், அந்தக் கையை நம்பாதே என்று. பிறகு நரம்பு தேறி, கைக்குத் தெம்பு வந்தபின்னும் பழைய பாடம் மறப்பதில்லை. டாப் இதைக் "கற்றுக்கொண்ட உபயோகமின்மை" என்றார். இதை மாற்ற அவர் வகுத்த சிகிச்சையில், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, தேறும் கையையே வேலை செய்ய வைப்பார்கள். 2006-ல் வெளியான எக்ஸைட் ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேருக்கு இதைச் சோதித்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை, இரண்டு வாரம். பலன் கிடைத்தது, ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் நின்றிருந்தது.

இதைப் படித்துவிட்டு நீங்களாக அப்பாவின் நல்ல கையைத் துணியால் கட்டிவிடாதீர்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை. தடுமாறி விழப்போகும்போது சுவரைப் பிடிக்க நல்ல கை வேண்டும். தெரபிஸ்ட் பார்த்து, எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும்.

இந்த உபயோகமின்மையில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. மனம் நோகச் சொல்லவில்லை, நானும் என் பாட்டிக்கு அப்படித்தான் எல்லாவற்றையும் செய்துகொடுத்தேன். சட்டைப் பித்தானைப் போட அவருக்கு நான்கு நிமிஷம் ஆகும், உங்களுக்கு நாற்பது விநாடி. ஆபீஸுக்கு நேரமாகிறது, சில்க் போர்டில் டிராஃபிக், நீங்களே போட்டுவிடுகிறீர்கள். ஒரு நாளைக்கு இப்படி முப்பது வேலை கைமாறிப் போகிறது. காலை அவசரத்தில் செய்துவிடுங்கள், பரவாயில்லை. மாலையில் பித்தானைக் கழற்றுவதையாவது அவரிடம் விட்டுவிடுங்கள்.

அப்பா நடக்கும்போது கை ஆடுகிறது, பஸ்ஸில் போனால் உடம்பே குலுங்குகிறது. அதையும் வேலை என்று எண்ணிவிடாதா?

எண்ணிவிடும். மணிக்கட்டு சென்சாரின் பெரிய குறை இதுதான். கை வேலை செய்கிறதா, வெறுமனே ஆடுகிறதா என்று அதற்குத் தெரியாது. நடக்கும்போது இரண்டு கையும் வீசி ஆடும். ஆட்டோவில் பள்ளம் மேடு பார்த்துப் போனால் இரண்டு பட்டையும் ஒரேபோலக் குலுங்கும், விகிதம் 1-ஐ நோக்கிப் போய்விடும். நல்ல கையால் தேறும் கையைப் பிடித்துத் தூக்கிப் பயிற்சி செய்தாலும், நான் பிடித்து நீட்டி மடக்கினாலும், தேறும் கை பிரமாதமாக உழைத்ததுபோலப் பதிவாகும்.

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. முன்கை எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொங்கிக்கொண்டு ஆடும் நேரத்தைப் பெருமளவு கழித்துவிடலாம். மேசையில், மடியில், அடுப்பில் வேலை செய்யும்போது முன்கை ஏறக்குறையக் கிடையாக இருக்கும். அந்த நேரத்து அசைவுக்கே மதிப்புக் கொடுக்கும் கணக்குகள் இருக்கின்றன. அதைவிட எளிய வழி ஒரு பழைய நோட்டு. "10.30 – 11.15 ஆட்டோ, ஆஸ்பத்திரி", "5 மணி நடை", "7 – 7.40 தெரபி" என்று எழுதிவைத்தால் போதும், அந்த நேரங்களை வெட்டிவிட்டுக் கணக்கிடுவோம். நோட்டு எழுதாத வீடுகளில் சென்சார் எண்ணை நான் பாதிதான் நம்புகிறேன்.

விரல் அசைவு தெரியுமா?

மணிக்கட்டில் கட்டுவதில் நேரடியாகத் தெரியாது. கையை மேசையில் வைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்டினால் பட்டைக்கு அது ஓய்வு நேரம். இதற்காகக் கலிபோர்னியாவில் டேவிட் ரைன்கென்ஸ்மேயர் குழுவினர் மேனுமீட்டர் என்று ஒன்றை உருவாக்கினார்கள். விரலில் காந்த மோதிரம், மணிக்கட்டில் அந்தக் காந்தத்தை உணரும் பட்டை. விரல் மடங்கினால் காந்தப்புலம் மாறும், பட்டை எண்ணும். நல்ல யோசனை. ஆனால் விரல் வீங்கியிருப்பவருக்கு மோதிரம் போடுவதில் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன்.

அசைவு எவ்வளவு என்பது சரி. நன்றாக அசைகிறதா என்று தெரியுமா?

பட்டைகளைக் கூட்டினால் தெரியும். மேல்கை, முன்கை, நெஞ்சு என்று மூன்று இடத்தில் ஜைரோஸ்கோப் உள்ள சென்சார்களை மாட்டி, எதிரே வைத்த டம்ளரை எடுக்கச் சொன்னால், முழங்கை எத்தனை டிகிரி நீண்டது, தோள் எவ்வளவு உயர்ந்தது, உடம்பு எவ்வளவு முன்னால் சாய்ந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். ஸ்ட்ரோக் வந்தவர்கள் முழங்கையை நீட்ட முடியாதபோது உடம்பையே முன்னால் தள்ளி டம்ளரை எட்டிவிடுவார்கள், தோளைத் தூக்கிக் கையை உயர்த்துவார்கள். பார்ப்பதற்கு வேலை முடிந்துவிட்டதுபோல இருக்கும், ஆனால் கை தேறவில்லை, உடம்பு ஈடுகட்டியிருக்கிறது.

இன்னொன்று சீர்மை. நம் கை டம்ளரை நோக்கிப் போகும்போது வேகம் ஒரே ஏற்றமாக ஏறி ஒரே இறக்கமாக இறங்கும். வாதக் கை விட்டுவிட்டு, சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். தேறத் தேற அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வீச்சாக மாறும். இந்தச் சீர்மையை அளக்க உலகம் முழுக்க இப்போது பயன்படும் ஸ்பார்க் என்ற கணக்குக்கு அடிப்படையான கட்டுரையை 2012-ல் எழுதிய மூவரில் ஒருவர் சிவகுமார் பாலசுப்ரமணியன். வேலூர் சி.எம்.சி.யின் உயிரிப் பொறியியல் துறையில் பணியாற்றியவர். இதை நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு, நம் பக்கத்து மூளை என்றால் அவர்களுக்கும் ஒரு தெம்பு.

எங்களிடம் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. அது போதாதா?

போதாது. கடையில் வாங்கும் வாட்ச் நடையை எண்ணவும் இதயத் துடிப்பைப் பார்க்கவும் செய்யப்பட்டது. ஒரு கைக்குத்தான் இருக்கும். மூல அளவுகளைப் பெரும்பாலும் வெளியே தராது. ஆனால், கை ரொம்ப நேரமாகச் சும்மா இருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை அதிர்ந்து நினைவூட்ட அதையே பயன்படுத்தலாம். அதிர்ந்தால் தேறும் கையால் ஏதாவது ஒரு வேலை, அவ்வளவுதான்.

கை துளிகூட அசையவில்லை. இப்போது கட்டலாமா?

இப்போது வேண்டாம். பூஜ்யம் என்று காட்டுவதற்கு ஒரு கருவி தேவையில்லை, அந்த எண் அவர் மனதை உடைக்கும். இந்தக் கட்டத்தில் தோள் இறங்காமல் தாங்கிப் பிடிப்பது, வீக்கம் வராமல் பார்ப்பது, விரல்கள் இறுகாமல் நீட்டிவிடுவது, இதெல்லாம்தான் முக்கியம். தோளை ஓரளவு விலக்கவும் விரலைக் கொஞ்சம் நிமிர்த்தவும் ஆரம்பித்தபின் கட்டலாம்.

எத்தனை நாள் கட்ட வேண்டும், எப்படி?

நாங்கள் மூன்று நாள் கட்டுகிறோம், அதில் ஒன்றாவது ஞாயிறாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டு நடப்பே வேறு. பிறகு மாதம் ஒருமுறை. வேகமாகத் தேறுவது பொதுவாக முதல் மூன்று மாதம், அந்தச் சமயத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலும் தகும். ஆறு மாதத்துக்குப் பிறகு கதவு மூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேகம் குறையும், ஆனால் உபயோகத்தைக் கூட்ட அதற்குப் பின்னும் முடியும். அந்தப் பூக்கட்டும் அம்மா பதினோராவது மாதத்தில்தான் மறுபடி நாரைத் தொட்டார்.

கட்டும்போது ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். தேறும் கையில் பலருக்கு உணர்வு குறைவு, இறுக்கினால் வலி தெரியாது, தோல் புண்ணாகிவிடும். காலை மாலை கழற்றித் தோலைப் பாருங்கள். குளிக்கும்போது பட்டை தாங்குமா என்று கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிக முக்கியமாக, பட்டையில் "இடது", "வலது" என்று பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒரு வீட்டில் குளித்தபின் மாற்றிக் கட்டிவிட்டார்கள், தேறும் கை ஒரே நாளில் நல்ல கையை முந்தியது. நான் கவனிக்காமல் அந்த எண்ணைக் குடும்பத்திடம் சொல்லிவிட்டேன். மறுநாள் தப்பு என்று சொல்ல நேர்ந்தபோது அந்தப் பெரியவரின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து நானே எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

மாமனார் கட்டவே மாட்டேன் என்கிறார். "என்னை வேவு பாக்கறீங்களா?" என்று கோபப்படுகிறார்.

அவர் கோபம் நியாயமானது. எத்தனையோ வருஷம் குடும்பத்தைத் தாங்கியவர், இன்றைக்கு அவர் கை அசைவதை மற்றவர்கள் எண்ணுகிறார்கள். வற்புறுத்தாதீர்கள். எண்ணை முதலில் அவரிடமே காட்டுவோம், அவர் சம்மதித்தபின்தான் மகனிடம் என்று நான் சொல்லிவிடுவேன், அப்படியே நடப்பேன். பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு கையை நீட்டுகிறார்கள். அந்த எண்ணை வைத்து, "நேத்து ஏன்ப்பா கம்மியா இருக்கு?" என்று மகனோ மகளோ கேட்க ஆரம்பித்தால் நான் சென்சாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அது தெரபிஸ்ட் தன் வேலையைத் திருத்திக்கொள்வதற்கான எண். நோயாளியைத் திட்டுவதற்கானது அல்ல.

தகவல் யாரிடம் போகிறது என்பதையும் கேளுங்கள். எங்கே சேமிக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. சம்மதப் படிவம் புரியாத மொழியில் இருந்தால், யாராவது தமிழில் சொல்லும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

பெங்களூரில் எங்கே கேட்பது? சென்சார் கிடைக்காவிட்டால்?

நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் போன்ற பெரிய இடங்களில் மறுவாழ்வுப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே, "வீட்டில் கை உபயோகத்தை அளக்க வசதி உண்டா?" என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள்.

கிடைக்காவிட்டாலும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. மோட்டார் ஆக்டிவிட்டி லாக் என்று ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. விளக்கைப் போட்டாரா, குழாயைத் திறந்தாரா, பல் துலக்கினாரா என்று வேலை வேலையாகக் கேட்டு, தேறும் கையை எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தினார் என்று 0 முதல் 5 வரை போடுவது. அதில் நம் வீட்டு வேலைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். சொம்பில் தண்ணீர் மொள்வது, சாம்பிராணித் தட்டைப் பிடிப்பது, வெங்காயம் உரிக்கும்போது அழுத்திப் பிடிப்பது. மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, தேறும் கை அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வார்த்தை எழுதினாலும் ஒரு வாரத்தில் நிலைமை புரிந்துவிடும்.

திடீரென்று எண் இறங்கினால் பயப்பட வேண்டுமா?

ஓரிரு நாள் இறங்கினால் வேண்டாம். காய்ச்சல், வெளியூர் பயணம், வீட்டில் விருந்தாளி என்று ஏதாவது காரணம் இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் இறங்கியே இருந்தால் முதலில் தோள்வலி இருக்கிறதா பாருங்கள், வலிக்குப் பயந்து பலர் கையை அடக்கிக்கொள்வார்கள். அடுத்தது மனசு. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேச்சு குறைந்திருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, பேரப்பிள்ளை கூப்பிட்டாலும் திரும்பாமல் இருக்கிறாரா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

ஆனால் நேற்றுவரை தூக்கிய கை இன்று காலை திடீரென்று வரவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது சென்சார் சமாசாரமே இல்லை. இரண்டாவது ஸ்ட்ரோக்காக இருக்கலாம். மூளை ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் நான்கரை மணிதான், அதுவும் அறிகுறி தொடங்கிய நிமிஷத்திலிருந்து. எனக்கு போன் செய்ய வேண்டாம், பட்டையைக் கழற்றவும் நிற்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.